எனக்கு வலது, அந்த அக்காவுக்கு இடது

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. மார்கழி மாதம், எங்கள் திருவண்ணாமலையில். தீபக் கூட்டம் எல்லாம் வடிந்து, கடைக்காரர்கள் நிம்மதியாக உட்கார்ந்து டீ குடிக்கிற நாட்கள். தேரடி வீதிப் பக்கம் ஒரு செருப்புக் கடையின் மாடிக்கு, உடற்பயிற்சிக்கு என்று ஒரு ஜோடி ஷூ வாங்கப் போயிருந்தேன்.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் புரியாது. பிறக்கும்போதே என் வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்ததாம். கைக்குழந்தையிலேயே வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து நேராக்கிவிட்டார்கள். நன்றாக நடப்பேன், ஓடுவேன், சும்மா பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பாதம் மட்டும் மற்றதோடு சேர்ந்து வளரவில்லை. இடது காலுக்கு ஏழாம் நம்பர் செருப்பு என்றால் வலது காலுக்கு ஐந்துதான். கெண்டைக்காலும் அந்தப் பக்கம் மெலிவு.

பள்ளிக்கூடத்தில் ஷூ போட்டே ஆக வேண்டும் என்றபோது அம்மா வலது ஷூவின் முனையில் பஞ்சை அடைத்து அனுப்புவார். அதற்குப் பிறகு நானே அடைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். சுடிதார் தைக்கக் கொடுத்தால் டெய்லரிடம் நீளம் ஜாஸ்தியாக வைக்கச் சொல்வேன். பெரிய கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டுமே, அப்போது புடவைக் கொசுவத்தை ஒரு கையால் கீழே இழுத்துவிட்டபடிதான் பிராகாரம் சுற்றுவேன். கல்யாணமாகி ஒரு மாதம் கழித்துத்தான் என் வீட்டுக்காரரே கவனித்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதற்கு மேல் பேசவில்லை.

எனக்கு ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். நானும் நின்றுகொண்டே வேலை பார்ப்பேன். இடுப்பில் வலி வர ஆரம்பித்து, பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனேன். அவர் இரண்டு காலையும் மாறி மாறி அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு கால் வேலை செய்கிறது, இன்னொரு கால் கூட வருகிறது, அவ்வளவுதான், இரண்டுக்கும் சமமாகப் பலம் ஏற்ற வேண்டும் என்றார். அப்படித்தான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு மாடியில் பெண்களுக்காக நடக்கிற பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். உள்ளூர்ப் பெண்களும் இருந்தார்கள், அந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிற வெள்ளைக்காரப் பெண்களும் இருந்தார்கள். கயிறு தாண்டுவது, உட்கார்ந்து எழுவது, டம்பெல் தூக்குவது, பக்கவாட்டில் தாவுவது என்று எல்லாம் கலந்து செய்யச் சொல்வார்கள். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது.

பிடித்துப்போன சூட்டோடு விழுந்தேன். என்னிடம் இருந்தது தள்ளுபடியில் வாங்கிய ஓட்டப்பயிற்சி ஷூ. அடிப்பாகம் தடியாக, பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும். வலது முனையில் வழக்கமான பஞ்சு. பக்கவாட்டில் வேகமாகத் தாவும்போது ஷூ நின்ற இடத்தில் நின்றுவிட்டது, உள்ளே என் பாதம் மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. மடேரென்று சாய்ந்தேன். டம்பெல் அடுக்கி வைத்திருந்த இரும்புச் சட்டம் என் காதை உரசுகிற தூரத்தில் இருந்தது. பயிற்சி கொடுக்கிற பெண் ஓடி வந்து தூக்கினார். கழன்று கிடந்த ஷூவை எடுத்தபோது பஞ்சு உருண்டை தரையில் விழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள். "சைஸ் தப்பா வாங்கிட்டேன்" என்று சிரித்து மழுப்பினேன்.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இந்தப் பயிற்சிக்கு ஓடுகிற ஷூ ஒத்துவராது, அது நேராகப் போவதற்கு, இங்கே நாம் நாலு பக்கமும் போகிறோம், அடி தட்டையாக, பக்கம் கெட்டியாக, குதிகாலை விடாமல் பிடிக்கிற ஷூவாக வாங்குங்கள் என்றார். அது இல்லாமல் வராதீர்கள் என்றும் சொன்னார். கோபமாக இல்லை, பயந்துபோய்ச் சொன்னார். ஆனால் எனக்குக் கதவைச் சாத்தின மாதிரிதான் இருந்தது. என் இரண்டு காலையும் ஒரே மாதிரி பிடிக்கிற ஜோடி எந்தக் கடையில் இருக்கிறது?

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் மத்தியான வேலை முடிந்ததும் கடைக்குப் போனேன். மாடியில் கூட்டமில்லை. பெண்களுக்கான பயிற்சி ஷூ இரண்டு வரிசைதான் இருந்தது. அதில் முக்கால்வாசி ரோஸும் ஊதாவும். கடையில் இருந்த அண்ணன் பொறுமைசாலி. ஒவ்வொன்றையும் எடுத்து அடியை வளைத்துக் காட்டினார். ஏழாம் நம்பரில் இடது கால் அழகாக உட்கார்ந்தது. வலது கால் வழக்கம்போல உள்ளே நீந்தியது. ஐந்தாம் நம்பர் ஒன்று கேட்டு வாங்கி, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் வலது காலில் மட்டும் போட்டுப் பார்த்தேன். என் வாழ்நாளில் ஒரு ஷூ வலது காலை அப்படிக் கெட்டியாகப் பிடித்ததில்லை. அந்தச் சுகத்தில்தான் கேட்கத் துணிந்தேன். குரலைத் தணித்து, ஒன்று ஏழும் ஒன்று ஐந்தும் தருவீர்களா என்று கேட்டேன்.

அவர் சங்கடப்பட்டார். ஜோடியைப் பிரிக்க முடியாது, மீதி ஒற்றையை யாருக்கு விற்பது என்றார். நியாயம்தானே. இரண்டு ஜோடி வாங்கிப் பாதியைத் தூக்கிப்போட எனக்கும் மனசு வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு என் பழைய செருப்பின் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பக்கத்து ஸ்டூலிலிருந்து ஒரு குரல். "ஏம்மா, உனக்கு எந்தக் காலு சின்னது?"

மாடி முழுக்கக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். நல்ல உயரம், அகன்ற தோள், இறுக்கிப் போட்ட கொண்டை. சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, வயல் வேலைக்குப் போகிற பெண்கள் போடுவார்களே அது மாதிரி. மடியில் ஹெல்மெட். என்னை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதே கிடையாது. முகம் சூடாகிவிட்டது. ஆனால் அந்தம்மா, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

"வலது" என்றேன்.

"எத்தினி நம்பரு?"

"அஞ்சு. இடது ஏழு."

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட, எனக்கு அப்படியே தலைகீழு! வலது ஏழு, இடது அஞ்சு!" சொல்லிக்கொண்டே இடது காலின் துணி ஷூவைக் கழற்றி, உள்ளே திணித்திருந்த பஞ்சு, துணிச் சுருள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு, பாதத்தைத் தூக்கி எனக்கு எதிரே ஸ்டூல் மேல் வைத்தார். பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் இல்லை. முன்பாதம் சுருங்கி, தழும்பு பளபளவென்று இருந்தது. கடைக்கார அண்ணன் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "பாருண்ணே, பார்த்தாத்தான சைஸ் குடுக்க முடியும்" என்று அவரையும் கூப்பிட்டார் அந்த அக்கா.

எனக்கு அடுத்த நொடியே கணக்குப் புரிந்துவிட்டது. ஏழில் ஒரு ஜோடி, ஐந்தில் ஒரு ஜோடி. ஆளுக்கு ஒரு ஜோடிக்குப் பணம், ஒன்றும் வீணாகாது. சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே மாடல், ஒரே நிறம் பிடிக்க வேண்டுமே, அங்கேதான் கூத்து ஆரம்பித்தது.

எனக்குப் பிடித்த சாம்பல் நிற ஷூவை எடுத்ததும் அக்கா புரட்டிப் பார்த்து, இதில் தோல் கலந்திருக்கா என்று கேட்டார். ஓரத்தில் தோல் பட்டை இருந்தது. "நாங்க ஜைனருங்கம்மா. தோலு வேணாம்" என்று வைத்துவிட்டார். அவருக்குப் பிடித்தது எனக்கு அகலமாக இருந்தது. அடுத்தது என் பாதத்துக்குச் சரியாக இருந்தால் அவருடைய அகன்ற வலது பாதத்தை நெரித்தது. இன்னொன்று எல்லாம் பொருந்தியும் ஐந்தாம் நம்பர் கையிருப்பில் இல்லை. அந்த அண்ணனுக்கே ஒரு வேகம் வந்து, கீழே குடோனுக்குப் போய்ப் பெட்டி பெட்டியாகத் தூக்கி வந்தார்.

அக்கா ஷூவைப் போட்டுப் பார்க்கிற விதமே வேறு. கண்ணாடிக்கு முன்னால் போகவே இல்லை. குதிகாலைத் தரையில் தட்டி உள்ளே உட்கார வைப்பார். லேஸை இறுக்குவார். அப்புறம் அப்படியே முட்டி மடக்கி உட்கார்ந்து எழுவார். இடது பக்கம் ஒரு தாவு, வலது பக்கம் ஒரு தாவு. அப்புறம் ஒரு காலில் குதித்து நிற்பார். மரத்தளம் தடதடவென்று ஆடியது. கீழேயிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். "நீயும் குதிம்மா. நின்னு பார்த்தா எல்லா ஷூவும் நல்ல ஷூதான்" என்றார். நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தேன். பேன்ட்டை முழங்கால் வரை ஏற்றிவிட்டுக்கொண்டு குதித்தேன். என் மெலிந்த கெண்டைக்கால் நாலு பேர் முன்னால் வெளியே தெரிகிறது என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

கடைசியில் அகப்பட்டது ஒரு கறுப்பு ஷூ. அழகு என்று சொல்ல முடியாது. தட்டை அடி, பக்கத்தில் கெட்டியான ரப்பர், மேலே வலைத்துணி, பொட்டுத் தோல் கிடையாது. என் இரண்டு காலையும் பிடித்தது, அக்காவின் இரண்டு காலையும் பிடித்தது. இடது முனையில் ஒரு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தால் போதும் என்றார் அவர். அண்ணனே ஜோடிகளைப் பிரித்து, என்னுடையதை ஒரு பெட்டியிலும் அக்காவுடையதை ஒரு பெட்டியிலும் வைத்துக் கொடுத்தார். பார்க்க இரண்டு பெட்டியும் ஒன்றுதான், இரண்டு பையும் ஒன்றுதான்.

வெளியே வந்து பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்தோம். ஜைனர் வழக்கம், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டேன், இப்பவே இட்லி சாப்பிட்டுக்கறேன் என்றார் அக்கா. சாப்பிட்டுக்கொண்டே பேசினார். கீழ்பென்னாத்தூர் தாண்டி உள்ளே ஒரு கிராமம், நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் செய்கிற குடும்பம். சில வருஷங்களுக்கு முன்னால் வயலில் உழவு நடக்கும்போது ட்ராக்டரின் பின்னால் சுழல்கிற கத்தியில் கால் மாட்டிக்கொண்டதாம். தேறி எழுந்த பிறகு, மாற்றுத்திறனாளிகளுக்கு விளையாட்டுப் போட்டி நடக்கிறது என்று யாரோ சொல்ல, குண்டு எறிதலில் சேர்ந்துவிட்டார். நாளை மறுநாள் வெளியூரில் மாநிலப் போட்டிக்கு ஆள் தேர்வு செய்கிறார்கள். வலது கையால் குண்டை எறிந்ததும் உடம்பு முழுக்க முன்னால் போகும், அதை நிறுத்துகிறது இடது கால்தான். அந்தக் கால் ஷூவுக்குள் வழுக்கினால் கோட்டைத் தாண்டிவிடும், தாண்டினால் அந்த எறி செல்லாது. போன முறை எல்லா எறியும் அப்படியே போயிற்று. அதைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வாசலில் வெயில் இறங்கியதும் சட்டென்று எழுந்தார். இருட்டுமுன் வண்டியில் போய்ச் சேர வேண்டும். கை கழுவினோம், ஆளுக்கொரு பையை எடுத்தோம், என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அக்கா, வாம்மா, போம்மா என்றே பேசிக்கொண்டிருந்ததில் ஒருவர் பேரை ஒருவர் கேட்கவில்லை. போன் நம்பரும் வாங்கவில்லை.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் காட்டலாம் என்று பெட்டியைத் திறந்தேன். இடது கால் நுழையவே இல்லை. வலது கால் உள்ளே நீந்தியது. கையில் இருந்தது அக்காவின் பெட்டி.

என் வகுப்பு ஒரு வாரம் தள்ளிப்போகட்டும், ஒன்றும் குடிமுழுகிவிடாது. அந்த அக்காவுக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. கடைக்குப் போன் செய்தேன். அக்கா நம்பர் எதுவும் கொடுக்கவில்லையாம். கிராமத்தின் பேரையும் நான் காதில் சரியாக வாங்கவில்லை. ஊர் ஜைனக் கோயிலை ஒட்டி ஒரு நெல் களம் இருக்கிறது, அங்கேதான் பயிற்சி செய்வேன் என்று அக்கா சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. அது போதும், தேடிப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். என் காலை நேர வேலையைப் பார்த்துக்கொள்ளும்படி கூட வேலை செய்கிற பெண்ணிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

விடிந்ததும் முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். மார்கழிப் பனி, ஜன்னல் கம்பியெல்லாம் சில்லென்று ஈரம். கண்டக்டரிடம் எந்த ஊருக்கு டிக்கெட் கேட்பது என்றே தெரியவில்லை. கீழ்பென்னாத்தூர் தாண்டி ஜைனக் கோயில் இருக்கிற ஊர், அங்கே குண்டு எறிகிற ஒரு அக்கா என்று இழுத்தேன். அவர் முடிக்கவே விடவில்லை. "ட்ராக்டர் டயரைக் கயித்துல கட்டி இழுத்துக்கினு ரோட்டோரமா ஓடுவாங்களே, அவங்களா? நான் இறக்கிவுடறேன், உக்காருங்க" என்றார். பின் சீட்டில் பால் கேனோடு இருந்தவர், இந்த நேரத்தில் அவர் களத்தில்தான் இருப்பார் என்று வழியும் சொன்னார்.

இறங்கி உள்ளே நடந்தேன். இரண்டு பக்கமும் கதிர் வந்த நெல். தூரத்தில் கோயில் கோபுரம் சின்னதாகத் தெரிந்தது. களத்தை நெருங்கும்போதே தொம் என்று ஒரு சத்தம், மண்ணில் கனமாக எதுவோ விழுகிற சத்தம்.

சிமென்ட் களத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தது. முன் ஓரத்தில் மரக்கட்டை ஒன்றைப் பதித்திருந்தார்கள். அக்கா வட்டத்துக்குள் நின்றிருந்தார். இடது காலில் அதே பழைய துணி ஷூ, அதன் மேல் கிழிந்த வேட்டித் துணியை வரிந்து வரிந்து கட்டியிருந்தார். இரும்புக் குண்டைக் கழுத்தோடு அணைத்து, உடம்பைத் தாழ்த்தி, ஒரு இழுப்பு, ஒரு திருப்பு, குண்டு கையை விட்டுப் போனது. எவ்வளவு தூரம் போனது என்று நான் பார்க்கவில்லை. அவர் கால் ஷூவுக்குள் வழுக்கி, கட்டையைத் தாண்டி விழுந்ததைத்தான் பார்த்தேன். கட்டைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஒரு மனிதர், "தாண்டிட்ச்சு" என்று மெதுவாகச் சொன்னார். அக்கா போய்க் குண்டை எடுத்து வந்து, மறுபடியும் வட்டத்துக்குள் நின்றார். மறுபடியும் எறிந்தார். மறுபடியும் "தாண்டிட்ச்சு".

நான் பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஓடினேன். அக்கா என்னைப் பார்த்ததும் குண்டைத் தரையில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "ராத்திரியே பார்த்துட்டேம்மா. நீ ரத்தம் எடுக்கிற வேலைன்னு சொன்னியே, இத முடிச்சிட்டு டவுனுக்கு வந்து லேப்பு லேப்பா நுழைஞ்சி, எல்லாப் பொண்ணுங்க காலையும் பார்க்கலாம்னு இருந்தேன்" என்றார்.

அங்கேயே களத்தில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டோம். அக்கா புது ஷூவை மாட்டி ஸ்பாஞ்சை வைத்துக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் வந்து மண்டியிட்டு இடது லேஸை அவரே கட்டிவிட்டார். அவர்தான் அக்காவின் வீட்டுக்காரர். கட்டி முடித்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கா சொன்னார்.

"அன்னிக்கி ட்ராக்டர் ஓட்டினது அவருதாம்மா. அவரு மேல தப்பில்ல, என் புடவை மாட்டிக்கிச்சு. ஆனா அதுக்கப்புறம் ரொம்ப நாளு என் காலைப் பார்க்கவே மாட்டாரு. சோறு போட்டா தலைகுனிஞ்சே சாப்பிடுவாரு. அதான், இந்தக் காலு கோட்டைத் தாண்டுதா இல்லையான்னு பார்க்கிற வேலைய அவருக்கே குடுத்துட்டேன். தினமும் பார்த்துத்தான ஆகணும்."

ஒரு மனுஷி தன் வலியிலிருந்து எழுந்து வருவதே பெரிது. எழுந்து வரும்போது, அந்த வலிக்குக் காரணமாகிவிட்டோம் என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தவரையும் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வந்திருக்கிறார். அதைச் சொல்லும்போதும் முகத்தில் பெருமை கிடையாது. அந்தப் பக்கம் நின்று பார்க்க ஆள் வேண்டியிருந்தது, அவரை நிற்க வைத்தேன் என்கிற மாதிரிதான் சொன்னார்.

தண்ணீர் வந்தது. அக்கா புது ஷூவோடு வட்டத்துக்குள் போனார். குதிகாலைத் தட்டிக்கொண்டார். குண்டைக் கழுத்தோடு சேர்த்தார். நானும் இந்த முறை கட்டைக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன். குண்டு போனது. இடது கால் கட்டையில் வந்து மோதி, நின்றது. உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்து, ஆடி, திரும்பி நின்றது. கால் அசையவில்லை. அவர் வீட்டுக்காரர் அந்தப் பாதத்தைப் பார்த்தபடியே, "நின்னுட்ச்சு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குண்டை எடுக்கப் போய்விட்டார்.

அன்று அவர்கள் வீட்டில் கேழ்வரகு அடையும் மல்லாட்டைச் சட்னியும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். போன் நம்பரை மறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

தேர்வு நடந்த அன்று வேலையில் கையே ஓடவில்லை. சாயங்காலம் அக்காவே கூப்பிட்டார். தேர்வாகவில்லை. முதல் மூன்று பேரைத்தான் எடுத்தார்களாம், இவர் நாலாவது. என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவர் உற்சாகமாகச் சொன்னார். "ஒரு எறி கூடத் தாண்டலம்மா! எல்லாத்தையும் டேப்பு வெச்சி அளந்தாங்க. இனிமே கை பலத்த ஏத்தறதுதான் வேலை." பின்னால் அவர் வீட்டுக்காரர், அடுத்த தடவை மூணுக்குள்ள வந்துடும்னு சொல்லு என்று சொல்வது கேட்டது. அவ்வளவு சத்தமாகப் பேசக்கூடிய மனிதர் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நான் வகுப்புக்குத் திரும்பிப் போனேன். முதல் நாள் பக்கவாட்டில் தாவும்போது பயத்தில் உடம்பு இறுகிக்கொண்டது. ஆனால் வலது கால் ஷூவோடு சேர்ந்தே வந்தது, ஷூவோடு சேர்ந்தே நின்றது. பயிற்சி கொடுக்கிற பெண் என் இரண்டு ஷூவின் அளவும் வேறு வேறாக இருப்பதைக் கவனித்துவிட்டுத் தயங்கினார். நானே உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, பாதத்தைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்க அரை நிமிஷம்தான் ஆனது. அவர் அன்றிலிருந்து வலது காலுக்கென்று தனியாக இரண்டு பயிற்சி சேர்த்துவிட்டார். இடுப்பு வலி இப்போது வெகுவாகக் கம்மி. கெண்டைக்காலில் சதை கொஞ்சம் பிடித்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் அதைப் பார்த்துச் சொல்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

அக்கா மூன்றுக்குள் வந்தாரா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. அடுத்த வருஷமும் நாலாவதாகத்தான் வந்தார், எறிந்த தூரம் மட்டும் நன்றாகக் கூடியிருந்தது. போன மாதம் எங்கள் கறுப்பு ஷூ இரண்டு பேருக்கும் தேய்ந்துபோய், மறுபடியும் ஒரு மத்தியானம் ஒன்றாகக் கடைக்குப் போய்க் குதித்துவிட்டு வந்தோம். இந்த முறை நிறத்தை நான் தேர்ந்தெடுத்தேன்.

சில சமயம் வகுப்பு முடிந்து மாடிப்படியில் உட்கார்ந்து லேஸை அவிழ்க்கும்போது அந்தக் களம் ஞாபகத்துக்கு வரும். ஒரு பாதத்தை யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்க நான் இத்தனை வருஷம் எவ்வளவு பலத்தைச் செலவழித்தேன் என்பது, அந்த அக்கா ஒளிவுமறைவில்லாமல் அந்தக் காலை ஊன்றி நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பலம் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக என் கால்களுக்கே வந்து சேருகிறது.